நரம்பு அறுந்தால் மீன் பிழைக்குமா?
கெண்டைத் தூண்டிலைப் பாதுகாப்பாகக் கட்டும் முறை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் நம் பிள்ளைகளில் பலர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்விடுகிறார்கள். நாள் முழுக்கக் கைப்பேசியில் கிடப்பதைவிட இது மேல் என்று பெற்றோரும் விட்டுவிடுகிறார்கள். இதைத் தடுக்க நாம் இங்கே எழுதவில்லை. நீரில் வாழ்வதைப் பிடித்து உண்பது நமக்கு ஆகுமாக்கப்பட்டிருக்கிறது என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் தெளிவாக்குகிறது.

ஆனால் ஆகுமான காரியத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லாவற்றிலும் இஹ்ஸான், அதாவது செயலை அழகுறச் செய்தல், விதிக்கப்பட்டிருக்கிறது என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கத்திக்குச் சொன்னது தூண்டில் முள்ளுக்கும் பொருந்தும். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது சேற்றோரம் பாருங்கள். வாயில் முள்ளும், அதன் பின்னே நரம்பும் ஈயக்குண்டுமாகச் செத்துக் கிடக்கும் கெண்டைகள் கண்ணில் படும். அவற்றைப் பிடித்தவர் உண்ணவும் இல்லை, அவை பிழைக்கவும் இல்லை. இந்த வீண் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் தூண்டிலைக் கட்டிய முறைதான். அதைச் சரியாகக் கட்டுவது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

1. முதலில் அனுமதி

பெரும்பாலான கண்மாய்களும் குளங்களும் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுகின்றன. குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு, தீனி போட்டு வளர்த்த மீனை அவரைக் கேட்காமல் பிடிப்பது பிறர் ஹக்கில் கை வைப்பதாகும். பிடித்தது மீன் என்பதால் அது ஹலாலாகிவிடாது. அத்தாமார்கள் பிள்ளைகளோடு போய், குத்தகைதாரரிடம் வாய்விட்டுக் கேட்டு அனுமதி வாங்குங்கள். அவர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

2. கெண்டை எப்படித் தின்கிறது?

நம் நீர்நிலைகளில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சாதாக் கெண்டை வெளிநாட்டு மீன். அதன் ஒரு வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சமவெளிக் குளங்களில் பரவியது 1957இல் பாங்காக்கிலிருந்து வந்த வகை. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடித்தரையிலும் மேயும். இங்கே நாம் சொல்லும் தூண்டில் அடித்தரையில் மேயும் கெண்டைக்கானது.

கெண்டையின் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டையில்தான் இருக்கின்றன. அது இரையைக் கடிப்பதில்லை. நீரோடு சேர்த்து உறிஞ்சி, வாய்க்குள் சோதித்துப் பார்த்து, பிடிக்காததை உடனே துப்பிவிடும். முள்ளை இரைக்குள் புதைத்துப் போட்டால் இரும்பின் கனத்தை உணர்ந்து துப்பிவிடும், அல்லது முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிடும். விழுங்கிய முள்ளைப் பிடுங்கினால் உள்ளுறுப்பு கிழியும்.

இதற்கு ஒரு தீர்வை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் பரவலாக்கினார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் அடியிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோப்பதே அந்த முறை. அதை ஹேர் ரிக் என்கிறார்கள். நாம் முடிக்கட்டு என்று சொல்லலாம். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே உள்ளே போகும். துப்பும்போது முள் திரும்பிக் கீழுதட்டில் தைக்கும். உதட்டில் தைத்த முள்ளை நொடியில் எடுத்துவிடலாம். சிறிய மீனாக இருந்தால் உயிரோடு திரும்ப விடலாம்.

3. கட்டும் முறை

தேவையானவை: 0.35 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு, அதைவிட மெல்லிய 0.30 மில்லிமீட்டர் நரம்பு, ஒரு முள், இரண்டு சுவிவல், ஒரு பாசிமணி, ஒரு எடை, கொஞ்சம் பருத்தி நூல்.

முதலில் முள்ளைக் குறட்டால் பிடித்து, முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறு பல்லை நசுக்கிவிடுங்கள். நரம்பு தொய்யாமல் இழுத்துக்கொண்டிருந்தால் மீன் நழுவாது. பிள்ளையின் விரலில் குத்தினாலும் எளிதாக வந்துவிடும்.

அடுத்து முடிக்கட்டு. மெல்லிய நரம்பின் நுனியில் இரை கோக்க ஒரு சிறு வளையம் போடுங்கள். மறுமுனையை முள்ளின் கண்ணுக்குள் விட்டு இழுங்கள். வளையம் முள்ளின் வளைவுக்குக் கீழே அரை அங்குலம் தொங்கும்படி நிறுத்தி, நரம்பை முள்ளின் தண்டோடு சேர்த்து ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு மறுமுனையைக் கண்ணின் பின்பக்கத்திலிருந்து, அதாவது முள்முனை இல்லாத பக்கத்திலிருந்து, மீண்டும் உள்ளே விட்டு இறுக்குங்கள். இந்த முனையை ஒரு சாண் நீளத்தில் ஒரு சுவிவலில் கட்டிவிட்டால் முள் நரம்பு தயார்.

இப்போது முக்கியமான இடம். தடித்த நரம்பை இன்னொரு சுவிவலின் ஒரு வளையத்துக்குள் கோத்து விடுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். அது நரம்பில் தாராளமாக ஓட வேண்டும். அதன் கீழே பாசிமணியைக் கோத்து, நரம்பின் நுனியை முள் நரம்பு கட்டிய சுவிவலின் மறு வளையத்தில் முடியுங்கள். ஓடும் சுவிவலின் கீழ் வளையத்தில் எடையைப் பருத்தி நூலால் கட்டித் தொங்கவிடுங்கள்.

எந்த முடிச்சையும் இறுக்குமுன் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே பலம் குன்றும்.

4. ஏன் இப்படிக் கட்ட வேண்டும்?

பெரிய மீன் இழுத்தாலோ, கல்லிலும் வேரிலும் சிக்கினாலோ நரம்பு அறுவது உண்டு. அறுந்த பிறகு மீன் எதைச் சுமந்துகொண்டு போகிறது என்பதுதான் கேள்வி. எடையை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால் மீன் அதையும் இழுத்துக்கொண்டு போகும். எடை கருவேல மரத்தின் வேரிலோ ஆகாயத்தாமரையிலோ மாட்டிக்கொண்டால் மீன் கட்டிப்போட்ட ஆடு போல அங்கேயே நின்று சாகும். நாம் சொன்ன முறையில் மூன்று காவல்கள் இருக்கின்றன.

ஒன்று, முள் நரம்பு மெல்லியது. ஆகவே அறுந்தால் பெரும்பாலும் அங்கேதான் அறும். மீனின் உதட்டில் பல் நசுக்கிய முள் மட்டுமே மிஞ்சும்; அது நாளடைவில் விழுந்துவிடும் வாய்ப்பு அதிகம். இரண்டு, தடித்த நரம்பே அறுந்தாலும் எடை கோத்த சுவிவல் அறுந்த நுனி வழியாக உருவிக்கொண்டு விழுந்துவிடும். மூன்று, எடை கல்லிடுக்கில் சிக்கினால் பருத்தி நூல் அறுந்து எடை மட்டும் போகும். மீன் கைக்கு வரும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கட்டி முடித்த பிறகு எடைக்கு மேலே ஒரு முழம் விட்டுத் தடித்த நரம்பை வெட்டுங்கள். முள் சுவிவலைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். எடை தானாக உருவிக் கீழே விழுந்தால் கட்டு சரி. எங்காவது தடுத்து நின்றால் அந்தத் தூண்டில் கண்மாய்க்குப் போகக் கூடாது. எடைக்கு மேலே முடிச்சோ, மணியோ, தக்கையோ இருக்கவே கூடாது.

கடையில் விற்கும் ஸ்பிரிங் தூண்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மாவு உருண்டையைச் சுற்றி நான்கைந்து முட்களைச் செருகிப் போடும் அந்த முறையில், ஒரு முள் வாயில் தைத்தால் மற்றவை கண்ணிலும் செவுளிலும் தைக்கின்றன. ஒரு தூண்டிலுக்கு ஒரு முள் போதும்.

5. ஈயம் வேண்டாம்

இதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பிளவுபட்ட சிறு ஈயக்குண்டுகளை நரம்பில் வைத்துப் பிள்ளைகள் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். ஈயம் நஞ்சு. அது வளரும் பிள்ளைகளின் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். அதைத் தொட்ட கையோடு சோறு தின்பதும் ஆபத்து. ஆறுகளில் கிடந்த ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால், இங்கிலாந்தில் 28 கிராம் வரையான தூண்டில் ஈயங்களில் பெரும்பாலானவற்றை விற்பதே 1987 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. நம் கண்மாய்க்கு வரும் நாரைக்கும் வாத்துக்கும் அதே வயிறுதான்.

பட்டறையில் கழித்துப் போட்ட இரும்பு நட்டு போதும். அதை நேரே நரம்பில் கோத்தால் உள்மரை நரம்பை அறுக்கும் என்பதால்தான் நூலால் தொங்கவிடச் சொன்னோம்.

6. இரை

கொண்டைக்கடலையும் மக்காச்சோளமும் முடிக்கட்டுக்கு ஏற்றவை. இரவு முழுக்க ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகே பயன்படுத்துங்கள். வேகாத காய்ந்த பருப்பு மீனின் வயிற்றுக்குள் ஊதிப் பெருக்கும். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து இரண்டு மூன்று உருண்டை அந்த இடத்தில் எறிந்தால் மீன் கூடும். கைப்பிடி அளவே போதும். மிஞ்சிய தீனி தண்ணீரைக் கெடுக்கும். உயிருள்ள புழுவையும் தவளையையும் குத்திப் போட வேண்டிய தேவையே இதில் இல்லை.

7. பிடித்த பிறகு

தூண்டிலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. இரவில் கட்டிவிட்டுக் காலையில் போய்ப் பார்ப்பது, ஓர் உயிரை இரவெல்லாம் துடிக்க விடுவதாகும். உயிருள்ளதை விளையாட்டுக் குறியாக்கி வதைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே தேவையான அளவு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

சிறு மீனை ஈரக்கையால் பிடித்து, முள்ளை எடுத்து, தண்ணீருக்குள் தாழ்த்தி விடுங்கள். உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். பிறகு நோய் தொற்றும். உண்ணப் போகும் மீனுக்கு அறுப்பு கடமையில்லை. ஆனாலும் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுத்து உடனே முடித்துவிடுங்கள். உயிர் துடிக்கும்போதே செதில் சீவுவதும் வயிற்றைக் கிழிப்பதும் வேண்டாம். தானே செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்ணக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் கூடும். இருந்தாலும் கெட்டுப்போன மீன் உடலுக்குக் கேடு. இதில் ஐயம் இருந்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. பிள்ளைகளின் பாதுகாப்பு

வண்டல் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பாதீர்கள். சிக்கிய தூண்டிலை எடுக்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது. நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நேராக நின்று பின்வாங்கி இழுக்க வேண்டும். மின்கம்பி போகும் இடத்தில் தூண்டில் கம்பை உயர்த்தவே கூடாது. கார்பன் கம்பிலும் ஈரமான மூங்கிலிலும் மின்சாரம் பாயும். வீசுமுன் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். முள் ஆழமாகத் தைத்துவிட்டால் பிடுங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டி.டி. ஊசி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அறுந்த நரம்பு, முள், பாலித்தீன் பை எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. கரையில் விட்டுவந்த முள் நாளை வெறுங்காலோடு வரும் ஆடு மேய்ப்பவரின் காலில் தைக்கும். நரம்பு கொக்கின் காலைச் சுற்றும்.

வருகிற விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தத் தூண்டிலை ஒருமுறை கட்டிப் பாருங்கள். எடை உருவி விழும் சோதனையை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். யாரும் பார்க்காத தண்ணீருக்கு அடியிலும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற பாடம் அதில் அவர்களுக்குக் கிடைக்கும்.

நம் உணவை ஹலாலாகவும் தூய்மையாகவும் ஆக்கி, வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்