'லே'யா, 'லெய்ட்'டா? தமிழைக் கேளுங்க!



எஸ்.பி.எம்., மூயெட் தேர்வுக்குத் தயாராகும் பலருக்கும் ஆங்கில இறந்தகாலம் என்றாலே தலைவலிதான். மலாய்மொழியில் இந்தத் தொல்லை இல்லை. நேற்றும் 'மாக்கான்', நாளைக்கும் 'மாக்கான்'. முன்னால் 'சுடா' போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலம் அப்படி விடாது. 'கோ' என்பது 'வென்ட்' ஆகும். 'புட்' மாறவே மாறாது. இவற்றை மனப்பாடம்தான் செய்யணும், வேறு வழியில்லை.

ஆனால், நிறையப் பேரைக் குழப்பும் மூன்று ஜோடிகளுக்குத் தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணமே கைகொடுக்கும். தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கா? 'மாணவன் திருந்தினான்' தன்வினை. 'ஆசிரியர் மாணவனைத் திருத்தினார்' பிறவினை. முதலாவதில் 'ந்', இரண்டாவதில் 'த்'. இப்போ இதைப் பாருங்க:

உயர்ந்தது: ரைஸ் – ரோஸ் – ரிஸன்
உயர்த்தினார்: ரேய்ஸ் – ரேய்ஸ்ட் – ரேய்ஸ்ட்

கிடந்தது: லை – லே – லெய்ன்
கிடத்தினார்: லே – லெய்ட் – லெய்ட்

வீழ்ந்தது: ஃபால் – ஃபெல் – ஃபாலன்
வீழ்த்தினார்: ஃபெல் – ஃபெல்ட் – ஃபெல்ட்

ஒன்று கவனித்தீங்களா? தன்வினை வரிசையில் சொல்லின் நடுவில் இருக்கும் ஒலியே மாறுது. பிறவினை வரிசையில் கடைசியில் 'ட்' ஒட்டினால் போதும். குழப்பம் எங்கே வருதுன்னா, 'லே' இரண்டு வரிசையிலும் இருக்கு. ஒன்றில் இறந்தகாலம், மற்றொன்றில் வேர்ச்சொல். 'ஃபெல்' கதையும் அதேதான்.

அதனால் ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன், வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்க. தானாக நடந்ததா, யாரோ செய்தார்களா? 'எதை?' என்று கேட்டால் பதில் கிடைக்குதா? பதில் கிடைத்தால் பிறவினை வரிசை. 'வாஸ்', 'வெர்' போட்டு எழுதும் செயப்பாட்டு வினைக்கும் பிறவினை வரிசைதான்: 'த கேபிள் வாஸ் லெய்ட்'.

இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லைங்க. பொறியியல் ஆய்வுக்கூட அறிக்கையில் 'த டெம்பரேச்சர் ரோஸ்' என்றால் வெப்பநிலை தானாக உயர்ந்தது. 'வீ ரேய்ஸ்ட் த டெம்பரேச்சர்' என்றால் நாங்கள் உயர்த்தினோம். ஒரு விபத்து நடந்த இடத்தில், 'கேபிள் தரையில் கிடந்தது' என்பதும் 'டெக்னீஷியன் கேபிளைத் தரையில் போட்டார்' என்பதும் ஒன்றாகுமா? 'லே', 'லெய்ட்' மாறினால் பழி வேறு ஆளின் தலையில் விழலாம்.

இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது வடிவம் தனியாக வராது. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' போன்ற துணை வேண்டும். அடுத்து, பொய் சொல்வதற்கும் 'லை'தான். ஆனால் அது 'லைட்' என்றுதான் மாறும்.

இப்போ உங்க முறை. கீழே உள்ளவற்றுக்கு எந்தச் சொல்?

1. புயலுக்குப் பிறகு மரம் சாலையில் கிடந்தது.
2. மாணவர்கள் கொடியை ஏற்றினார்கள்.
3. நேற்றிரவு பத்து மணிக்குப் படுத்தேன்.

விடை: 1. லே. 2. ரேய்ஸ்ட். 'எதை?' என்றால் 'கொடியை' என்று பதில் வருதே! 3. லே. இங்கே யாரையும் படுக்க வைக்கவில்லை, நானே படுத்தேன். 'ஐ லெய்ட் டவுன்' என்று பலர் எழுதுவது இங்கேதான் தப்பாகுது.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால், இந்த மூன்று ஜோடியை அவர்களிடம் கேட்டுப் பாருங்க. தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு இங்கே பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, இன்று இரவே ஜோடிக்கு இரண்டு வாக்கியம் எழுதிப் பழகுங்க!