ப்ளஸ் டூ முடித்துவிட்டு மருத்துவம் படிக்க ஜெர்மனியின் கொலோனுக்கு வர நினைக்கும் தங்கைக்கு

ஃபார்மைத் திறப்பதற்கு முன்னால் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துகொள். டாக்டரான பிறகு எங்கே வேலை பார்க்கப் போகிறாய்? ஊருக்குத் திரும்பி வந்து கிளினிக் வைப்பதுதான் கனவு என்றால், கொலோன் உனக்கான ஊர் இல்லை. அக்கா இப்படிப் பட்டென்று சொல்கிறாளே என்று நினைக்காதே. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளைப் படித்துப் பார். வெளிநாட்டில் படித்தவர் இந்தியாவில் பதிவு செய்ய வேண்டுமானால் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதற்கு மேல் அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும், பாடம் நடத்தும் மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். கொலோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் நடப்பது ஜெர்மன் மொழியில். கடைசி வருடப் பயிற்சியோ 48 வாரம்தான், அதுவும் படிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இங்கேயே டாக்டராக வாழப் போகிறேன் என்ற தெளிவு இருந்தால் மட்டும் மேலே படி. அப்படி இருப்பவர்களுக்கு வழி நன்றாகவே இருக்கிறது. 2012-லிருந்து, டாக்டராக வேலை செய்யும் உரிமமான அப்ரோபட்சியோன் வாங்க ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை.

"நீட் இல்லாமலே டாக்டர்" என்று சில ஏஜென்ட்கள் விளம்பரம் செய்கிறார்கள். அதில் பாதி உண்மை. ஜெர்மன் பல்கலைக்கழகம் நீட் கேட்காது. ஆனால் நீட்டில் தேர்ச்சி பெறாமல் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் இந்தியாவில் பதிவு செய்ய முடியாது. மறுபாதியை விளம்பரத்தில் போடமாட்டார்கள். எதற்கும் நீட்டை எழுதித் தேறி வை. ஜெர்மனி அமையாமல் போனால் வேறு நாட்டுக்குப் போக அது உதவும்.

இங்கே பிரீ-மெட், டிகிரி என்று தனியாக எதுவும் கிடையாது. பள்ளியிலிருந்து நேரே ஆறு வருடம் மூன்று மாதப் படிப்பு. 2011-லிருந்து, கொலோன் இருக்கும் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, வெளிநாட்டவருக்கும் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை உண்டு, ரயில், பஸ், டிராம் டிக்கெட் அதிலேயே வந்துவிடும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்திலோ நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். அதனால் மாநிலம் பார்த்து விண்ணப்பி. வீட்டில் கையைக் கடிக்கப் போவது விசாவுக்கான பிளாக்டு அக்கவுன்ட்தான்: வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது பதினொரு லட்ச ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் உன் பெயரிலேயே இருக்கும், மாதம் 992 யூரோவாக உனக்கே திரும்பி வரும். என்றாலும் முதலில் மொத்தமாகப் புரட்டியாக வேண்டும்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். நம் ப்ளஸ் டூவை ஜெர்மன் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூருக்குச் சமமாக இங்கே எடுத்துக்கொள்வதில்லை. உனக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்டூடியன்கொலெக் என்னும் ஆயத்தப் பள்ளியில் மருத்துவத்துக்கான எம்-குர்ஸ் இரண்டு செமஸ்டர் படித்து, கடைசியில் தகுதித் தேர்வு எழுதுவது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்தோடு ஜெர்மனும் அதில் உண்டு. இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற இந்தியக் கல்லூரியில் தொடர்புடைய துறையில் ஒரு வருடமாவது படித்துத் தேறி, அதை வைத்து அதே துறைக்கு நேரடியாக விண்ணப்பிப்பது. எந்த வழி உனக்குப் பொருந்தும் என்பது ப்ளஸ் டூ பாடங்களையும் மார்க்கையும் கல்லூரியையும் பொறுத்தது. வெளிநாட்டுச் சான்றுகளை மதிப்பிடும் அனாபின் தளத்தில் நீயே பார்த்துக்கொள், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாதே.

நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் அரசு நடத்தும் ஸ்டூடியன்கொலெக் இப்போது கிடையாது. அதனால் என்ன? வேறு மாநிலங்களில் மைன்ஸ், ஃபிராங்க்ஃபர்ட், ஹைடல்பெர்க், ஹனோவர் இருக்கின்றன. அங்கே எழுதிய தகுதித் தேர்வு ஜெர்மனி முழுக்கச் செல்லும். படிப்பது ஒரு மாநிலம், விண்ணப்பிப்பது இன்னொரு மாநிலம் என்பது இங்கே சாதாரணம். ஆனால் உள்ளே நுழையவே ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, அதற்கு ஜெர்மன் குறைந்தது பி1, பல இடங்களில் பி2 வேண்டும்.

உன் மார்க்கை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கை இப்போதே போட்டுப் பார்த்துவிடு. மொத்த மார்க்கில் நீ இழந்ததை, மொத்தத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகு. வந்ததை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 600-க்கு 540 என்றால் 60 வகுத்தல் 390, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் சுமார் 1.46. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 தான் பாஸ். 480 வாங்கினால் 1.92 ஆகிவிடும். ஊரில் எண்பது சதவீதத்துக்கு லட்டு கொடுப்பார்கள், இங்கே மருத்துவத்துக்கு அது போதாது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஒதுக்குவது வழக்கமாக நூற்றுக்கு ஐந்து இடம்தான். உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்கள் அந்த ஐந்துக்குள் போட்டி போடுகிறார்கள். ஸ்டூடியன்கொலெக் போகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி: தகுதித் தேர்வு மதிப்பெண்ணும் ப்ளஸ் டூவோடு சேர்ந்து கணக்கில் வரும். ப்ளஸ் டூவில் கொஞ்சம் சறுக்கியிருந்தாலும் அங்கே உயரலாம். கொலோன் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிக்காமல் அனுமதிக்கும் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் போடு.

ஜெர்மனியிலேயே அபிட்டூர் முடித்த நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருந்தாலும் இந்த ஐந்துக்குள் வரமாட்டார்கள். ஜெர்மன் மாணவர்களோடு ஒரே வரிசையில், டார்ட்மண்டிலிருந்து இயங்கும் ஹோக்ஷூல்ஸ்டார்ட் அமைப்பு வழியாகத்தான் அவர்களுக்கு இடம். 30 சதவீதம் அபிட்டூர் மார்க்குக்கு, 10 சதவீதம் மார்க் அல்லாத தகுதிகளுக்கு, 60 சதவீதம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தேர்வுக்கு. சித்தி, பெரியம்மா பிள்ளைகள் யாராவது இங்கே பள்ளி படித்தால் இதைச் சொல்லி வை. மருத்துவப் படிப்புக்கான டி.எம்.எஸ். திறனறித் தேர்வு எழுதவும் சொல்.

மொழிக்குத்தான் அதிக காலம் எடுக்கும். பல்கலைக்கழகத்துக்கு சி1 அளவு வேண்டும், டெஸ்ட்டாஃப் அல்லது டி.எஸ்.ஹெச். போன்ற சான்றோடு. ப்ளஸ் ஒன்னிலேயே சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ கோவையின் கோத்தே சென்ட்ரத்திலோ ஆரம்பித்துவிடு. "அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்" என்பவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போ.

பேப்பர் வேலையில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. ஜெர்மன் அலுவலருக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போதே ஒத்துப்போகும்படி பார், முடியாவிட்டால் இருவரும் ஒருவரே என்ற சான்றை முன்கூட்டியே தயார் செய். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அது இல்லாமல் விசாவுக்கே போக முடியாது. மார்க் ஷீட் கைக்கு வந்த வாரமே விண்ணப்பித்துவிடு.

ஊரில் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதே. மருத்துவப் படிப்பின் முதல் அரசுத் தேர்வுக்கு முன் மருத்துவமனையில் 90 நாள் நர்சிங் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பள்ளி முடித்த பிறகு வெளிநாட்டில் செய்ததையும் ஏற்க வாய்ப்பு உண்டு. ஆனால் எந்தப் படிவத்தில், யார் கையெழுத்து வேண்டும் என்று மாநிலத் தேர்வு அலுவலகத்திடம் எழுதிக் கேட்டுவிட்டு இறங்கு. படுக்கை மாற்றுவதும் நோயாளியைக் குளிப்பாட்டுவதும்தான் வேலை. இது நமக்குச் சரிவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கொலோனில் இடம் கிடைத்துவிட்டால், பல்கலைக்கழக மருத்துவமனை இருப்பது லிண்டன்தால் பகுதியில். அங்கே வாடகை எகிறும், ஆனால் டிக்கெட் கையில் இருக்கும்போது கால்க், மியூல்ஹைம் பக்கம் தங்கி டிராமில் வரலாம். ஸ்டூடியரெண்டன்வெர்க் மாணவர் விடுதிக்கு அட்மிஷன் கிடைத்த அன்றே பெயர் கொடு. பிப்ரவரியில் கார்னிவல் வந்தால் ரோஜா திங்களை ஒட்டிய நாட்களில் எந்த அலுவலகத்தையும் நம்பி வேலை வைத்துக்கொள்ளாதே, ஊரே வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கும். வார்டில் தாத்தா பாட்டிகள் பேசும் கோல்ஷ் வட்டார வழக்கு உன் சி1 புத்தகத்தில் இருக்காது. வெட்கப்படாமல் திரும்பக் கேள், அவர்கள் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். இன்னொன்று, நேரில் பார்க்காத அறைக்கு "சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முதலில் டெபாசிட்டைப் போடுங்கள்" என்று யாராவது கேட்டால் ஒரு யூரோகூட அனுப்பாதே.