நடை திரும்பிய பின்



கிளாஸ்கோ நகரின் நரம்பு அறுவை மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-இல் வெளியிட்ட அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது. 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது கடுமையான தலைக்காயம் எனப்படுகிறது. உயிர் பிழைப்பாரா என்று கணிக்க அந்த எண் பெரிதும் உதவுகிறது. பிழைத்தவர் எப்படி வாழப்போகிறார் என்பதோ அவர் வீடு திரும்பிய பிறகுதான் தெரியத் தொடங்குகிறது.

மறுவாழ்வுச் சிகிச்சைப் பணியில் புதிதாகச் சேர்பவரின் கண்ணில் கை கால்களின் தேறுதலே முதலில் படுவது இயல்பு. அதை அளப்பதும் எளிது, குடும்பத்தாரை மகிழ்விப்பதும் அதுவே. ஆனால் மோதலின் வேகத்தில் மூளையின் நுண்ணிய நரம்பிழைகள் பரவலாக இழுபட்டு அறுந்திருக்கலாம், சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடல் அடிபட்டிருந்தால், ஒரு செயலைத் தாமாகத் தொடங்கும் உந்துதல் குன்றிவிடுகிறது. குளியலறைக்குத் தாமே நடந்து சென்று, வாளி நிரம்பி வழிந்த பின்னும் கையில் குவளையுடன் அப்படியே நிற்பவர், "ஊத்திக்கோங்க" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டதும் ஊற்றிக்கொள்கிறார். இதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் எண்ணி வீட்டார் ஆண்டுக்கணக்கில் கடிந்துகொள்வது, தவிர்த்திருக்கக்கூடிய துயரம். காரணத்தைத் தொடக்கத்திலேயே, அவர்களுக்குப் புரியும் சொற்களில், ஒரு முறைக்கு மூன்று முறையாக விளக்குவதும் சிகிச்சையைச் சேர்ந்ததே.

காயமுற்றவர் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதியாகச் சொல்வதுண்டு. தன் குறையைத் தானே உணர முடியாத இந்நிலையும் மூளைக்காயத்தின் விளைவாதலால், அவருடன் வாதிடுவதில் பயனில்லை. மனைவியையோ தாயையோ தனியே அமர்த்திக் கேட்பது நன்று. காயமுற்றவர் முன்னிலையில் அவர்கள் அவருடைய கோபத்தையும் அடியையும் பற்றி வாய் திறப்பதில்லை. நீல் புரூக்ஸ் குழுவினர் கிளாஸ்கோவில் நடத்தி 1986-இல் வெளியிட்ட தொடராய்வில், காயத்துக்குப் பின் ஐந்தாம் ஆண்டில் உறவினரின் மனச்சுமை முதலாண்டைவிடக் கூடியிருந்தது. அதனுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது காயமுற்றவரின் குணமாற்றமே.

விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு 2021-இல் தொடங்கியது மிகவும் போற்றத்தக்கது. அவ்வாறு காப்பாற்றப்பட்டவரின் பின்னைய ஆண்டுகளுக்கும் அதே அக்கறை தேவைப்படுகிறது.

இலக்குகளை உடற்பயிற்சிக் கூடத்தின் அளவுகளில் எழுதாமல், அந்த வீட்டின் அன்றாடத்தில் எழுதுவது பயன் தரும்: குளிக்கும் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளியலறைச் சுவரில் ஒட்டுதல், மாத்திரை நேரத்துக்குக் கைபேசியில் மணி வைத்தல், வேலைக்குத் திரும்பும்போது முதலில் அரை நாள் மட்டும் செல்லுதல். மூளைக்காயத்துக்குப் பின் வரும் களைப்பு சிறிது தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடுவதன்று என்பதை முதலாளிக்கும் ஒரு கடிதத்தில் எழுதித் தரலாம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அடுத்த மாதத்துக்கான தேதியோடு அடுத்த ஆண்டுக்கான தேதியும் இருக்கட்டும். அன்று உடன் வருபவரின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் விசாரிக்கத் தனியே நேரம் ஒதுக்கப்படட்டும்.