குழந்தையின் மூச்சை எண்ணத் தெரியுமா?



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நமது மஹல்லாவில் சளி, இருமல் இல்லாத வீடு இல்லை. மக்ரிப் தொழுது வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையாக நிற்கிறார்கள். நம் சகோதரிகளும் இருக்கிறார்கள், பக்கத்துத் தெரு இந்துச் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஓதி ஊதியதும் தாயின் மனம் ஆறுகிறது. ஆனால், அந்த வரிசையில் நிற்கும் ஏதோ ஒரு குழந்தைக்கு அன்றிரவே ஆஸ்பத்திரி தேவைப்படலாம். அது எந்தக் குழந்தை என்று கண்டுகொள்ளத் தெரிய வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பங்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. முதல் நாள் சளி. இரண்டாம் நாள் மெடிக்கலில் சொல்லி வாங்கிய சிரப். மூன்றாம் நாள் ஓதிய தண்ணீர். நான்காம் நாள் நள்ளிரவில், மூச்சு வாங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். இந்த நாட்களில் தாய் கவனிக்காமல் இருந்ததில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாதாரண சளியா, நிமோனியாவா?

மூக்கு, தொண்டையோடு நிற்கும் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. சில நாட்களில் தானாக ஆறிவிடும். அதே கிருமியோ வேறொரு கிருமியோ நுரையீரலுக்குள் இறங்கி, காற்றறைகளில் நீரும் சீழும் கோத்துக்கொண்டால் அது நிமோனியா. காற்றறைகள் அடைபடுவதால் குழந்தைக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. அதை ஈடுகட்டக் குழந்தை வேகவேகமாக மூச்சு விடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் 5 வயதுக்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள்.

இருமலின் சத்தம் பெரிதாக இருப்பதால் நோய் பெரிது என்று பொருளல்ல. நன்றாக இருமும் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். இருமலே அதிகம் இல்லாத குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். எனவே மூச்சைப் பாருங்கள்.

எண்ணுவது எப்படி?

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். தூங்கும் நேரம் மிகவும் நல்லது. சட்டையைத் தூக்கி நெஞ்சும் வயிறும் தெரியும்படி வையுங்கள். செல்போன் கடிகாரத்தில் முழுமையாக ஒரு நிமிடம் பாருங்கள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இராது, கணக்குத் தவறிவிடும்.

ஒரு நிமிடத்தில் கீழ்க்கண்ட அளவோ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு:

2 மாதம் நிறையாத குழந்தை: 60
2 மாதம் முதல் 1 வயது நிறையும் வரை: 50
1 வயது முதல் 5 வயது வரை: 40

8 மாதக் குழந்தைக்கு இருமலோடு 56 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 3 வயதுப் பிள்ளைக்கு 30 வந்து, சாப்பிட்டு விளையாடிக்கொண்டும் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அந்த வயதில் காய்ச்சல் வந்தாலோ உடம்பு சில்லிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், புறப்பட்டுவிடுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய அடையாளங்கள்

எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் இவற்றில் ஒன்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது:

- மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு குழிந்து உள்வாங்குதல்
- ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல். அமைதியாக இருக்கும்போதும் மூச்சிழுக்கையில் கரகரவென்ற சத்தம்
- பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல்
- உதடு, நாக்கு நீலம் பாரித்தல்
- வலிப்பு, எழுப்பினாலும் எழாத அசதி

108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குழந்தையை நிமிர்த்தித் தோளில் அணைத்து வைத்திருங்கள். முடிந்தால் தாய்ப்பால் கொடுங்கள். குடிக்க முடியாத குழந்தைக்கு எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது

சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். பெரிய குழந்தைக்கு வெதுவெதுப்பான கஞ்சி, சூப் போன்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ப டாக்டர் சொன்ன அளவில் மட்டும். காலையும் மாலையும் மூச்சை எண்ணுங்கள். 2 நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். 2 வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு, காசநோய் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

தேன் பற்றி ஒரு வார்த்தை. தேனில் நிவாரணம் உண்டு என்று குர்ஆன் கூறுகிறது. அதில் நமக்கு ஐயமில்லை. 1 வயது நிறைந்த பிள்ளைக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஆனால் 1 வயதுக்குள் வேண்டாம். தேனில் சில வேளை இருக்கும் ஒரு நுண்கிருமி, பக்குவமடையாத குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுவிடலாம்.

கைவிட வேண்டியவை

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியா உண்டாக்கும். தலை காயச் சாம்பிராணி காட்டுவது, குழந்தை தூங்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள், வாப்பாவின் சிகரெட் எல்லாமே புகைதான். பிஞ்சு நுரையீரலுக்கு நறுமணப் புகையும் புகையே.

இருமல் சிரப்பை நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தால் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

டாக்டர் மருந்து தந்தால்

பாக்டீரியாவால் வந்த நிமோனியா என்று கருதினால் டாக்டர் பெரும்பாலும் அமாக்ஸிசிலின் எழுதுவார். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். தூளாக வரும் மருந்தில், கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரைக் குறியிட்ட அளவுக்கு ஊற்றிக் குலுக்குங்கள். வீட்டு ஸ்பூனால் அளக்காமல், கூட வரும் மூடியால் அளந்து கொடுங்கள். மீந்ததை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

வருமுன் காக்க

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் குர்ஆன் கூறும் இரண்டு ஆண்டுகள் வரை மற்ற உணவோடு தாய்ப்பாலும். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2021இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம் என மூன்று தவணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பென்டாவேலன்ட், தட்டம்மை ஊசிகளையும் விடாதீர்கள். குழந்தையைத் தூக்குமுன் கை கழுவுங்கள். ஐவேளை ஒளூ செய்யும் நமக்கு இது சிரமமில்லை.

யாரிடம் கேட்பது?

நேரத்தைத் தின்னும் இன்னொன்றும் இருக்கிறது. கணவர் சபரில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. "ரெண்டு நாள் பாப்போம், எம்புள்ளைகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்கிறார் மாமி. இரவில் ஆண் துணை இல்லை. பயமாக இருக்கிறது என்று மருமகள் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால், "மாமி, ஒரு நிமிஷத்துக்கு 58 மூச்சு, 50ஐத் தாண்டக் கூடாதாம்" என்று சொல்லும்போது வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எழாவிட்டாலும் நீங்கள் புறப்படுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஒரு பிள்ளையின் உயிர் யாருடைய சம்மதத்திற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஓதுவதையும் துஆவையும் யாரும் விட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஓதலாம்.

இன்றிரவு உங்கள் பிள்ளை நலமாகத் தூங்கும்போது ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பாருங்கள். வாப்பாமார்களும் எண்ணுங்கள். நலமாக இருக்கும்போது மூச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், அது மாறும் நாளில் உங்கள் கண் தானாகக் கண்டுகொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.