செடி வாடினால் முதலில் எதைப் பார்ப்பது?



கொல்லையில் நாலு கத்தரி, ரெண்டு தக்காளி, ஒரு பப்பாளி, ஓரமாய் ஒரு தென்னை. நம்மில் பலருக்கு இருப்பது இவ்வளவுதான். இதில் ஒன்று வாடினாலும் மனசு கேட்பதில்லை. உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். அப்படியும் நிமிரவில்லை என்றால் கடைக்குப் போய், "செடி வாடுதுங்க, ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்கிறோம். செடியைப் பார்க்காத கடைக்காரர் எதையோ எடுத்துத் தருகிறார். காசும் போகிறது, செடியும் போகிறது.

வாடல் என்பது ஒரே நோய் அல்ல. நமக்குக் காய்ச்சல் வருவதைப் போல அது ஓர் அடையாளம். இலைக்குப் போதுமான தண்ணீர் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மண்ணில் ஈரம் இல்லையா, வேர் கெட்டுவிட்டதா, தண்டில் அடைப்பா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு களைக்கொத்து, ஒரு கத்தி, ஒரு கண்ணாடி டம்ளர் போதும்.

1. எப்போது வாடுகிறது? எங்கே வாடுகிறது?

மத்தியான வெயிலில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும். கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் தொங்கினால் அதைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது தண்டுதுளைப்பான். வாடிய நுனிகளைக் கிள்ளி அழித்து வந்தால் காய்க்குப் பரவுவது குறையும்.

2. மண்ணில் ஈரம் இருக்கிறதா?

மேல்மண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. அரைச்சாண் ஆழம் கொத்திப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். சொதசொதவென்று இருந்தும் செடி வாடினால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றினால் நாமே கொன்றுவிடுவோம். பப்பாளி இதற்கு மிகவும் தாங்காது. அடியில் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகத் தொடங்கும். பாத்திரம் கழுவும் தண்ணீர் அங்கே தேங்காமல் வாய்க்கால் எடுத்து, அடியில் மண்ணை மேடாக அணையுங்கள்.

3. வேர் எப்படி இருக்கிறது?

பல செடிகள் வாடினால், மோசமான ஒன்றை வேரோடு தோண்டி எடுங்கள். வேரே அங்கங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. மண்ணில் வேப்பம் புண்ணாக்கு இடுங்கள், ஊடே செண்டுமல்லி வையுங்கள். ஆனால் அவரை, தட்டைப்பயறு வேரில் தேய்த்தால் உதிரும் சிறு உருண்டைகள் நல்லவை. தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பவை அவை. நோய் என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள்.

4. தண்டு என்ன சொல்கிறது?

தக்காளி, கத்தரி, மிளகாய் இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கினால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, டம்ளர் தண்ணீரில் ஒரு முனை மட்டும் படும்படி ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். பிடித்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். கத்தியையும் கொத்தையும் கழுவுங்கள். அந்த இடத்தில் சில பருவங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். மக்காச்சோளமோ கேழ்வரகோ போடலாம்.

வெள்ளை இழை வராமல், கீழ் இலை முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்பாக இருந்தால் பூஞ்சாண வாடலாக இருக்கலாம். டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய எருவில் கலந்து நடுவதற்கு முன்பே இடுவது நல்லது. அது வரப்போகும் செடியைக் காக்கும், சாகிற செடியைப் பிழைக்க வைக்காது.

தென்னைக்கு மட்டும் தாமதம் வேண்டாம்

தென்னை காய்க்க வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்து, கீழ்மட்டைகள் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். மரத்தில் ஓட்டை இருந்து, மென்ற நார் வெளியே தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு. மரத்தில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்று கடிக்கும் சத்தமும் கேட்கலாம். இரண்டிலும் சாறு வடியும், வைத்தியமோ வேறு வேறு. அடையாளத்தைக் குறித்துக்கொண்டு உடனே வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

• இந்த மாதம் யார் வீட்டில் எந்தச் செடி பட்டுப்போனது? வேரைப் பார்த்தோமா?
• காரணம் தெரியாமல் மருந்துக்கு எவ்வளவு செலவு செய்தோம்?
• அடுத்த கூட்டத்துக்கு வாடிய செடி ஒன்றை வேரோடு பையில் கட்டி எடுத்து வருவது யார்? டம்ளர் சோதனையை எல்லோரும் சேர்ந்தே செய்து பார்ப்போம்.