கோம்பையிலிருந்து கோடியக்கரைக்கு

எங்கள் பக்கத்தில் காடு என்றால் அண்ணாந்து பார்ப்பதுதான். கோம்பைத் தெருவில் நின்றாலே மேற்கே மலை, அதன் உச்சியில் ராமக்கல்மேடு. மேகமலைக்குப் போனால் இலைகளுக்கு நடுவே என்ன சலசலக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் அந்தப் பழக்கம் உதவாது. தரை தட்டையாகக் கிடக்கிறது. மறைவே இல்லை, எல்லாம் கண்ணெதிரில்தான், ஆனால் வெகு தூரத்தில். கேமரா இல்லாவிட்டால் பரவாயில்லை. பைனாகுலர் மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள்.

1967-ல் சரணாலயமான இடம் இது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் இருபது வருஷம் தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சார் ஈரநிலம் இதுதான். வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும். அதை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் கிளம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கரையைத்தான் முதலில் பதம் பார்க்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்துச் சாய்த்தது இந்தக் காட்டையும் சேர்த்துத்தான். பொங்கல் கழிந்து போவதே என் வழக்கம். மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும், வெயிலும் தாங்கும். தை அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலில் தீர்த்தமாடக் கூட்டம் நெரியும்.

மதுரை, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாகப் போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரமில்லை. இரவு வேதாரண்யத்தில் தங்கி, சாப்பாட்டையும் தண்ணீரையும் அங்கேயே வாங்கிக்கொண்டு விடிகாலையில் புறப்பட வேண்டும். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்த இடம். இறங்கிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. வேனில் இடம் இருக்கிறதே என்று நாயை ஏற்றாதீர்கள். "நம்ம கோம்பை நாய் சொன்ன பேச்சைக் கேக்கும் மாமா, கூட வரட்டுமே" என்று மருமகன் ஒருவர் கெஞ்சிப் பார்த்தார். கேட்கும்தான், வெளிமான் கண்ணில் படுகிறவரை. வேட்டைக்கென்று வளர்த்த இனத்தைப் புல்வெளி மான்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவது நியாயமா?

அந்த வெளிமான்தான் கோடியக்கரையின் பெருமை. கிடாவுக்கு முதுகு கருத்து, வயிறு வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டிருக்கும். கொம்பு திருகித் திருகி மேலே போகும். பெட்டைக்குப் பெரும்பாலும் கொம்பு கிடையாது, செம்மண் சாயலில் இருக்கும். நான் பார்த்த ஒரு கிடா, கண்ணுக்கு அருகிலிருக்கும் சுரப்பியை ஒரு புதர்க்குச்சியின் நுனியில் நிதானமாகத் தேய்த்தது. இது என் எல்லை என்று மற்றக் கிடாக்களுக்கு அது விடும் அறிவிப்பு. இப்படி நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு கணக்கு இருக்கிறது. மேய்கிற மான் தலையைத் தூக்கி, அசைபோடுவதை நிறுத்தினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்றுவிடுங்கள். அது மறுபடி குனியும். இன்னும் இரண்டடி என்று ஆசைப்பட்டால் கூட்டமே துள்ளி ஓடிவிடும். அந்தப் புல்வெளியைச் சீமைக் கருவேலம் தின்றுகொண்டு வருகிறது. ஓடி ஒதுங்க அவற்றுக்கு அதிக இடமில்லை.

பூநாரை பார்க்க வருகிறவர்கள் பலரும் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுகிறார்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஒரே ஒரு பறவையைக் கால் மணி நேரம் பாருங்கள். சேற்றை மிதித்துக் கிளறும். பிறகு தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி இரையை மட்டும் வடிகட்டிக்கொள்ளும், மாவு சலிக்கிற மாதிரி. உப்பு நீரில் வாழும் நுண்ணுயிர்களும் சிறு இறால்களும்தான் அதற்கு அந்த நிறத்தைத் தருகின்றன. குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஆகவே மங்கலாகத் தெரிவதை வேறு பறவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சேற்றோரம் ஓடித் திரியும் உள்ளான்கள் பொடியாக இருந்தாலும், அவற்றில் பல வடதுருவத்துப் பக்கம் பிறந்து இவ்வளவு தூரம் பறந்து வந்தவை.

காட்டுக்குள் ராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு உண்டு. இலங்கை இருக்கும் திக்கை ராமர் அங்கே நின்று பார்த்தார் என்பது ஐதீகம். சீதையைத் தேடி வந்தவர் எங்கள் ராமக்கல்மேட்டிலும் கால் வைத்தார் என்பார்கள். இரண்டு மேட்டிலும் ஏறிய எனக்கு, கோடியக்கரை மேடு முழங்காலுக்கு வேலையே வைக்கவில்லை. குரங்குகள்தான் தொல்லை. கையில் பொட்டலம் தெரியக் கூடாது, எதுவும் கொடுக்கவும் கூடாது.

சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் உளை கிடக்கும். அனுமதிச் சீட்டு, நேரம், வழிகாட்டி எல்லாவற்றையும் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் முத்துப்பேட்டையில் இறங்கி, வனத்துறை அனுமதியோடு அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வாருங்கள். அதுவும் இதே ராம்சார் தலத்தைச் சேர்ந்ததுதான்.