பவளப்பாறை

குமரிமுனையினின்று கடலோரமாக வடகிழக்கே சென்றால் மன்னார் வளைகுடாவை அடையலாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, அங்குள்ள தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் கிடக்கின்றன. கல்லெனத் தோன்றினும் அவை உயிர்கள் எடுத்த வீடுகளே.

பவளப்பூச்சி எனப்படுவது பூச்சியன்று, கடற்சொறியின் இனம். அம்மெல்லுயிர் கடல்நீரிலுள்ள சுண்ணச் சத்தை ஈர்த்துத் தன் அடியிற் கிண்ணம் போன்ற கூடு அமைக்கும். கிண்ணத்தினுள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மெல்லிய தகடுகள் நிற்கும். அதன் பக்கத்தே அரும்பும் உயிரும் அவ்வாறே கட்டும். உடல்கள் இணைந்திருத்தலின் ஒன்று உண்ட உணவு மற்றொன்றிற்கும் உதவும். உயிர் மடியினும் கூடு அழியாது. அதன்மேல் அடுத்த தலைமுறை கூடு கட்டும்.

இக்கூடுகள் மண்ணுட் புதைந்து புதைபடிவங்களாதலும் உண்டு. கடலுக்குத் தொலைவிலுள்ள கல்லக்குடியில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சுண்ணாம்புப் பாறைகளில் பவளக்கூடுகள் காணப்படுகின்றன. அந்நிலம் அன்று கடலாயிருந்தமைக்கு அவையே சான்று.

மன்னார்க் கடலிலோ, சுண்ணாம்பிற்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டினர். அலை தடுக்கும் அரண் அழியவே, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. 2001 ஆம் ஆண்டில் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலைப் பெற்றன. எண்ணிறந்த உயிர்கள் கூடிக் கட்டியதைக் கடப்பாரை ஒரு நாளில் தகர்க்கும். மீண்டும் கட்டுதற்குத் தலைமுறைகள் பல வேண்டும்.